அக்கா கை பட்ட மோட்டார்

இல்ல மெக்கானிக்கண்ணே, படகு மோட்டாருல பிளக்கா இருக்காது. போன வாரந்தான் புதுசு போட்டோம். நீங்க துடுப்பு போடுங்க, நான் சொல்றேன். அதோ தெரியுறாரு பாருங்க எங்க வீட்டுக்காரரு, சட்டையைக் கழட்டி ஆட்டிக்கிட்டு. நடு ஏரியில நின்னுக்கிட்டு ரயிலுக்குக் கொடி காட்டுற மாதிரி!

பெட்ரோலா? நேத்துதான் ஊத்துனது. அடைப்பும் இருக்காது. அந்த மோட்டாருக்கு வயசு என் வயசை விடக் கூட, ஆனா ஒரு தூசி பார்க்க முடியாது. எல்லாம் எங்க அக்கா கைங்கரியம். கூடப்பொறந்த அக்கா இல்லண்ணே, ஓரகத்தி. இவரோட அண்ணன் சம்சாரம். மோட்டாரு ஒன்னு, வீடு ரெண்டு. மீனுக்குப் போக ஒரு நாள் அவங்க முறை, மறுநாள் எங்க முறை.

அவங்க முறைன்னா ஒரே இழுப்பு. பூனைக்குட்டி மாதிரி முனகிக்கிட்டே கிளம்பிடும். எங்க முறைன்னா பதினேழு இழுப்பு. நான் எண்ணியிருக்கேன். கரையில நிக்கிறவங்களும் சேர்ந்து எண்ணுவாங்க, அதான் கொடுமை. கடைசி இழுப்புல இவரு மல்லாக்க விழுவாரு, அப்பத்தான் அது கிளம்பும்.

எனக்குத் தெரியாமலா? கார்பரேட்டர் திருகை முழுசா மூடிட்டு ஒன்றரைச் சுத்து திறக்கணும். அக்கா செய்யுறதை ஒளிஞ்சு நின்னு பார்த்துக்கிட்டேன். ஒன்றரைன்னா ஒன்றரை, பிசகாம வச்சேன். ம்ஹும். அவங்க சுத்தை எண்ணவே மாட்டாங்கண்ணே. காதைச் சாய்ச்சுக்கிட்டு, ஒரு நூலளவு இப்படி, ஒரு நூலளவு அப்படி. கேட்டா, அதுவே சொல்லும் தங்கச்சி, நின்னு கேளுங்கறாங்க. எனக்கு மட்டும் ஏன் சொல்ல மாட்டேங்குது? நான் என்ன அதுக்கு மாத்தாந்தாயா?

சிரிக்காதீங்க. கரையே சொல்லுது, மூத்தவளுக்குக் கைராசின்னு. மாமியார் சொல்றாங்க, சரி, பொறுத்துக்கலாம். இந்த மனுஷனும் நேத்து சொல்றாருண்ணே, அண்ணி கை பட்டா செத்த மோட்டாரும் எழுந்து உட்காரும்னு. நான் பொரிச்ச மீனைத் தின்னுக்கிட்டே! ஒரு துண்டு கூட வச்சிருந்தேன், திரும்ப எடுத்துட்டேன்.

கெட்டவங்களான்னா கேக்குறீங்க? அதான் இல்லையே! கெட்டவங்களா இருந்தா நிம்மதியா சண்டை போட்டிருப்பேனே. என் பொண்ணுக்குத் தலை பின்னி விடுறதும் அவங்கதான். நான் சீப்பை எடுத்தாலே அழுவா. இப்ப படகு நின்னுடுச்சுன்னதும் செருப்பு கூடப் போடாம உங்க பட்டறைக்கு ஓடியாந்தது யாரு? நான் இல்லையே.

அந்தப் பெட்டியைத் திறக்காதீங்கண்ணே, ஸ்பேனர் தேவைப்படாது. டேங்க் மூடி மேல காத்துக்குன்னு குட்டித் திருகு ஒன்னு இருக்குல்ல? அது மூடியிருக்கும். கொஞ்ச தூரம் ஓடும், அப்புறம் பெட்ரோல் இறங்காம நின்னுடும். உங்களுக்குத் தெரியாததா.

எனக்கு எப்படித் தெரியும்னா... காலையில அக்கா திறந்து வச்சுட்டு உள்ள போனாங்க. நான் மூடுனேன். இன்னிக்கு அவங்க முறைண்ணே. ஒரே ஒரு நாள் அவங்க தயார் பண்ணின மோட்டாரும் நிக்கட்டும், கரையும் பார்க்கட்டும்னு. இவரோட அண்ணனுக்கு இடுப்புப் பிடிச்சுக்கும், அவருக்குப் பதிலா இவரு போவாருன்னு நான் கண்டேனா? பாப்பாவைக் குளிப்பாட்டிட்டு வெளிய வர்றதுக்குள்ள படகு போயிடுச்சு.

இவரு திட்டினா வாங்கிக்குவேன். கரை சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். திட்டுவாங்கன்னு பயமில்லண்ணே. திட்ட மாட்டாங்க. பரவால்ல தங்கச்சின்னு சிரிப்பாங்க. அதை எப்படிண்ணே நான் தாங்குவேன்?