பொங்கின மாவு

உன் பேப்பருல இன்னா எழுதியிருக்குன்னு நீயே படிச்சிச் சொல்லும்மா, எனக்கு இங்கிலீசு வராது. ஆன்லைன்ல யாவாரம் பண்ண சின்னக் கடைக்காரங்களுக்கு இன்னா பயம், அதான கேள்வி? ஹேக்கிங்... ஓடிபி திருட்டு... பொய் பேமெண்ட்டு... டெலிவரில பொருள் காணாமப் போறது. அவ்ளோதானா? அய்ய, முக்கியமான ஒண்ண உட்டுட்டியே! சொல்றேன், இரு. மொதல்ல டீயக் குடி. இந்தப் பூனா கோர்படில சரசா வீட்டுக்கு வந்து வெறும் வாயோட யாரும் போனதில்ல.

பொய் பேமெண்ட்டுக்கெல்லாம் சலீம் பாயிதான் பயப்படுவாரு. முக்குல கோழிக்கட வச்சிருக்காரே, அவருதான். ஒரு பையன் பணம் போட்டாச்சி சாச்சான்னு போன்ல எதையோ காட்டிட்டு கோழியத் தூக்கிக்கினு ஓடிட்டான். இப்ப கடைல ஒரு மிசினு வச்சிருக்காரு, அது வாயத் தொறந்து பணம் வந்துச்சின்னு சொன்னாத்தான் மனுசன் கோழிப் பையில இருந்து கையவே எடுப்பாரு. ஆனா மறுநாளே கடையத் தொறந்துட்டாரு பாத்தியா? எங்க கதைய அப்டி மூடித் தொறக்க முடியல.

ஆமாம்மா, நாங்களும் ஆன்லைன்ல இருந்தோம். இட்லி மாவு. நானு, அப்புறம் பக்கத்து லைன்ல எஸ்தர். புருசன் போயிட்டான், நர்சிங் படிக்கிற பொண்ணு ஒண்ணு. வாய் பேசமாட்டா. ஆனா கை இருக்கே! அரைச்ச மாவுல உப்பப் போட்டு அவதான் கலக்குவா. கரண்டியத் தொட உடமாட்டா, நான் கலந்தாலும் ஒத்துக்க மாட்டா. அவ கை சூட்டுக்கு மாவு அப்டிப் பொங்கும். அவ பொண்ணுதான் போன்ல ஒரு ஆப்புல எங்களச் சேத்து உட்டா. பாணேர், ஹடப்சர்னு எங்கெங்கயோ இருந்து ஆர்டரு. நம்ம தமிழாளுங்கதான வாங்கறாங்கன்னு, பாக்கெட்டு மேல தமிழ்லயே கையால எழுதி ஒட்டுவா எஸ்தர். வந்த ஒடனே பிரிட்ஜில வைங்க, பாக்கெட்டு உப்புனா நல்ல மாவுன்னு அர்த்தம், அப்டின்னு.

இன்னா, தமிழ் படிக்கத் தெரியாதவங்க இன்னா பண்ணுவாங்கன்னா? அதத்தான் நாங்க யோசிக்கவே இல்ல. பூனாலயே பொறந்து வளந்த பசங்க எத்தினி பேரு, உன்ன மாதிரி. வீட்ல பேசறதோட சரி.

ஒரு மே மாசத்துல பாணேர்ல ஒரு பொண்ணு காலைல மாவு கேட்டா. டெலிவரி பையன் வாட்ச்மேன் கிட்ட குடுத்துட்டுப் போயிட்டான். அவ ஆபீஸ் முடிச்சி சாயங்காலம் வந்துதான் எடுத்திருக்கா. பகலெல்லாம் வெயில்ல கெடந்த மாவு வேற இன்னா பண்ணும்? பலூனு மாதிரி உப்பிக்கிச்சி. ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம், நம்பரு பாக்கெட்டுலயே இருந்துச்சி. கேக்கல. போட்டோ புடிச்சி, ஒரே ஒரு ஸ்டாரப் போட்டு, அழுகின மாவு, சாப்ட்டு வயிறு கெட்டுப்போச்சி, ஃபுட் பாய்சன்னு எழுதிட்டா. சாப்புடவே இல்ல கண்ணு அவ! போட்டோவுல பாக்கெட்டப் பிரிக்கக்கூட இல்ல.

அதோட முடிஞ்சிது. அந்தப் படம் ஒவ்வொரு பில்டிங்கு குரூப்புலயும் சுத்துச்சி. ஆப்ல இருந்து எங்களத் தூக்கிட்டாங்க. அதக் கூட உடு. ராணுவ கேண்டீன்ல தெனம் வாங்கிக்கினு இருந்தவங்க, நக்கோ, வேணாம்னு சொல்லிட்டாங்க. வாடகைக்கு உட்ட வீட்டு ஓனரு இங்க இனிமே அரைக்காதன்னு கிரைண்டரத் தூக்கி வாசல்ல வச்சிட்டான். எஸ்தர் பொண்ணு படிப்ப உட்டுட்டு ஹடப்சர்ல ஒரு கம்பெனில டப்பா ஒட்டப் போனா. நர்ஸ் டிரெஸ் தைக்கக் குடுத்திருந்தாங்க, அத வாங்கவே போகல.

எஸ்தர் அழவே இல்லம்மா. அந்தப் போட்டோவ மட்டும் போன்ல வச்சிப் பாத்துக்கினே இருப்பா. பாக்கெட்டுக்குப் பின்னால செவுரு தெரியும். நீலக் கலரு டைல்சு, அதுல ஒண்ணு மட்டும் ஒடைஞ்சி வெள்ளையா ஒட்டுப் போட்டிருக்கும். அதுக்குக் கீழ அந்தப் பொண்ணு பேரு.

ஏன் எழுதறத நிறுத்திட்ட? எழுது.

அப்பறம் எஸ்தர் சமையல் வேலைக்குப் போனா. ஏஜென்சிக்காரன் அனுப்புன வீடு. மொத நாளு சமையக்கட்டுல காலு வச்சவ அப்டியே நின்னுட்டாளாம். அதே நீல டைல்சு, அதே ஒட்டு. உட்டுட்டு வாடின்னு நான் சொன்னேன். மாட்டேன்க்கா, எனக்கு அந்த வீடுதான் வேணும்னு சொன்னா. அந்தக் கொரலு அவளுதே இல்ல, எனக்கே பயந்துபோச்சி.

வந்த ஒடனே நீயே போன்ல காட்டுனியே, எங்க வீட்டு ஆன்ட்டி சுட்ட இட்லின்னு? அஞ்சு ஸ்டாரப் போட்டு குரூப்புல அனுப்பிச்சேன்னு சொன்னியே? பஞ்சு மாதிரி இருந்துச்சி, பொய் சொல்லக் கூடாது. பாவம், ஆறு மாசமா ஆன்ட்டின்னு கூப்புடறியே தவிர, அவ பேரு இன்னான்னு நீ ஒரு நாளும் கேட்டதில்லயாம். ரெண்டு நாளா வரலயா? வரமாட்டா. நான்தான் அவளயும் பொண்ணயும் ஊருக்கு ரயில் ஏத்தி உட்டேன். அதுக்கப்பறந்தான் உன்ன வீட்டுக்கு வரச் சொன்னேன் பார்கவி.

ஊஹும், வெசமெல்லாம் இல்லம்மா. அவ கோயிலுக்குப் போறவ. உன் வீட்டுல தெனம் ராத்திரி மாவுல உப்பப் போட்டுக் கையால கலக்குவா இல்ல, அப்ப அதுல காறித் துப்புவா. அப்பறம் நல்லாக் கலப்பா. அவ்ளோதான்.

வாந்தி வருதா? பாத்ரூம் அந்தப் பக்கம். போயிட்டு வந்து, உன் லிஸ்டுல உட்டுப்போன பயத்த எழுதிக்கோ. யாரு, எங்கேர்ந்து, எதுக்காக நம்மளக் கொல்றான்னு தெரியாது பாரு, அந்தப் பயம். இப்ப உனக்கும் வெளங்கியிருக்கும்.

ஏன் கிலாசையே அப்டிப் பாக்கற? அது நான் போட்ட டீதான். குடி.