ஒரு நாள் முந்தின அறிவித்தல்

இல்லைப் பிள்ளை, உதில என்ன பிழை கிடக்கு? நல்லா வாசி. சண்முகலிங்கம், வியாழக்கிழமை இறைவனடி சேர்ந்தார், அன்பு மனைவி தவமணி. அது நான்தானே. உங்கட ரீச்சர் என்ன கேட்டவ? ஆர் எழுதினது, எப்ப எழுதினது, வேற இடத்தில ஒத்துப்பாத்தனியோ எண்டோ? அப்ப எழுது, செத்தவற்ற மனிசியே எழுதினது எண்டு. அதைவிட நம்பிக்கையான ஆதாரம் இன்ரநெற்றில உனக்கு எங்க கிடைக்கும்?

குடும்ப வரலாறு எழுதச் சொன்னா மற்றப் பிள்ளையள் தாய் தேப்பனைக் கேட்டு எழுதிக் குடுக்குங்கள். நீ மட்டும் பெரியப்பான்ர மரண அறிவித்தலைத் தோண்டிக்கொண்டு டோர்செட் பார்க்கில என்ர வீட்டுக்கு பஸ் ஏறி வாறாய். சரி, ஜக்கெற்றைக் கழட்டு.

என்ன பேப்பர் உது? டொக்டர் குடுத்த மரணச் சான்றிதழோ? கொப்பரோ தந்தவர்? ஓம், வெள்ளிக்கிழமை எண்டுதான் கிடக்கு. டொக்டர் வந்து பாத்தது வெள்ளிக்கிழமை, அதைப் போட்டிருப்பார்.

ஓ, மணித்தியாலமும் கிடக்கோ. வெள்ளி விடிய அஞ்சு மணி. ம். உங்களுக்கு உதெல்லாம் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கினம் என்ன.

ரீச்சருக்கு இன்னும் அனுப்பேல்லைத்தானே, அட்சயா? கொம்மாட்டயும் சொல்லேல்லை? நல்லது. கதவைச் சாத்திப்போட்டு இதில வந்து இரு.

வியாழன் காலமை, அவரைப் பாக்க வீட்டுக்கு வாற நேர்ஸ் வேரோனிக்கா சொன்னவ, இனி ஒரு மணித்தியாலம்தான், ஆக்களுக்குச் சொல்லுங்கோ எண்டு. அறிவித்தல் முதலே எழுதி வச்சிருந்தனான். படத்தையும் சேத்து அனுப்பிப்போட்டன். உடன இன்ரநெற்றில ஏத்திவிட்டாங்கள். லண்டனில கிறிஸ்துநாயகம் அண்ணை பிளேன் ரிக்கற் எடுத்திட்டார். அஜக்ஸில இருக்கிற எங்கட சனம் சமைக்கத் தொடங்கிட்டுது. போனை வைக்கேலாது, ஒரே அழுகை.

பின்னேரம் மூண்டு மணிக்கு மனுசன் கண்ணைத் திறந்து தோடம்பழம் கேக்குது.

எனக்குச் சந்தோசம் வரேல்லைப் பிள்ளை. வெக்கம்தான் வந்தது. செத்தாச்சு எண்டு உலகம் முழுக்கச் சொன்னது நான். அண்டைக்கு ஒருத்தரையும் வரவேண்டாம் எண்டன். உடம்பைக் கொண்டுபோட்டினம் எண்டு சொன்னன். அந்தாள் உள்ள கட்டிலில எழும்பி இருந்து, ஆரோட கதைக்கிறாய் எண்டு கேட்டுக்கொண்டிருக்குது.

எவ்வளவு நேரம்தான் அப்பிடி வச்சிருக்கிறது, சொல்லு?

பயப்பிடாத. நீ திகதியைக் கேட்டாய், அதுதான் சொல்லுறன். அந்த அறிவித்தல் பொய்யெண்டு மட்டும் எழுதிப்போடாத. அது கொஞ்சம் முந்திப்போச்சு. வெள்ளி காலமை வேரோனிக்கா வாறதுக்கிடையில நான் அதை உண்மையாக்கிப்போட்டன்.