கடைசிக் கூடு

நான் ஓடினேன் என்று எழுதிவிடாதீர்கள், ஐயா. என் வலது கால் ஓடாது. பங்குனி பன்னிரண்டாம் தேதி காலையில் கண்மாய்க் கரைமேல் நான் நடந்துதான் போய்க்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால், என் கிணற்றுக்குள், என் தம்பி மருது ஒரு கருவேல மர வேரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். எனக்கு முன்னால், கூப்பிடு தூரத்தில், இருளாண்டியும் மூன்று பேரும் வண்டல் வெட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடி வந்திருப்பார்கள். நான் கொடுக்கவில்லை.

ஏன் என்று நீங்கள் கேட்கிறீர்கள். ஊரில் யாரும் கேட்கவில்லை.

நீங்கள் இந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் புதிது. ஐப்பசியில் எங்கள் கண்மாய்க்கு நாரைகள் வரும், கருவேல மரங்களில் கூடு கட்டும். அன்றிலிருந்து கடைசிக் குஞ்சு பறக்கும்வரை ஊரில் சத்தம் கூடாது. தீபாவளிக்கு வெடி கிடையாது, கல்யாணத்துக்குக் கொட்டு கிடையாது. மிரண்டால் குஞ்சு கூட்டிலிருந்து விழுந்துவிடும். இது எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் யாரும் மீறியதில்லை.

கடைசியாகக் காலியாகிற கூடு எப்போதும் என் வேலிக்குள்தான் இருக்கும். ஒன்றரை ஏக்கர் நிலம், பதினோரு கருவேல மரம், ஒரு பாழுங்கிணறு, அதன் விளிம்பில் ஒரு கரையான் புற்று. கால் போன பிறகு எனக்கு வேறு வேலை இல்லை. பார்ப்பேன், நோட்டில் எழுதுவேன். முதல் நாரை என்றைக்கு வந்தது, பொன்வண்டு என்றைக்கு, மழை பெய்து எத்தனையாம் நாள் புற்றில் காளான். பன்னிரண்டு வருஷமாக எழுதுகிறேன். கடைசிக் குஞ்சு பறந்ததும் நான் போய் ஊர்த் தலைவரான அம்பலகாரரிடம் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் ஊரில் கொட்டுச் சத்தம் கேட்கும். ஒரு நொண்டியின் வாயைப் பார்த்து ஊரே காத்திருக்கும். அதில் எனக்குப் பெருமை என்று நினைக்காதீர்கள். பொறுப்பு.

பாகம் பிரித்தபோது நிலம் எனக்கு, மரங்கள் மருதுவுக்கு. மருது கெட்டவன் இல்லை. மூன்று பெண் பிள்ளைகள், இரண்டு வருஷமாக விளைச்சல் இல்லை. மரங்களை வெட்டிக் கரிமூட்டம் போட ஆள் பேசிவிட்டான்.

"நாரை போகட்டும்ணே. அதுவரைக்கும் கோடாலி வேலிக்குள்ள வராது" என்றான். சொன்னால் சொன்னதுதான், மீற மாட்டான். எனக்குத்தான் வழியில்லை. சண்டை போட உடம்பும் இல்லை, தடுக்க உரிமையும் இல்லை.

"மரம் போனா நாரை எங்குட்டுடா உக்காரும்?"

"எம் பிள்ளைக எங்குட்டுண்ணே உக்காரும்?"



பங்குனி பிறந்ததிலிருந்து தினமும் காலையில் வேலியோரம் வந்து நின்றான்.

"போயிருச்சாண்ணே?"

"ஒரு குஞ்சு இருக்குடா."

"ஒங்க குஞ்சு காது குத்தி, கல்யாணம் முடிச்சுத்தான் பறக்கும்போல." சிரிப்பான். அதையும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பான்.

பத்தாம் தேதி இடியோடு கோடைமழை. பன்னிரண்டாம் தேதி விடிந்தபோது புற்றைச் சுற்றிக் காளான், வெள்ளை வெளேரென்று. மருது வழக்கம்போல வந்தான், கேட்டான், நானும் வழக்கம்போலவே சொன்னேன். அப்புறம் காளானைப் பார்த்தான்.

"சிட்டாளுக்குக் காளான்னா உசுரு" என்றான். சிட்டாள் அவன் பெண்டாட்டி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புற்றுக்குப் போனான்.

அந்த விளிம்பைக் கரையான் உள்ளுக்குள்ளேயே தின்று வைத்திருந்தது. நோட்டில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன். அவனுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

மண் சரிந்த சத்தம் பெரிதில்லை.

நான் எட்டிப் பார்த்தபோது இரண்டு ஆள் ஆழத்தில் வேரைப் பிடித்திருந்தான். அதற்குக் கீழே முப்பது அடி, அப்புறம் பாறை. என் கை எட்டவில்லை. கயிறும் இல்லை. மருதுவின் குரல் உங்களுக்குத் தெரியாது, ஐயா. கூத்துப் பார்க்கப் போனால் அத்தனை கூட்டத்திலும் அவன் சிரிப்புத் தனியாகக் கேட்கும். அன்றைக்கு அவன் கத்தவில்லை. என்னைப் பார்த்தான், எனக்கு மேலே மரத்தைப் பார்த்தான், ரகசியம் சொல்வதுபோலச் சொன்னான்.

"அண்ணே, சத்தம் குடுத்துறாதீக. குஞ்சு விழுந்துரும். அங்குட்டு இருளாண்டி நிக்கிறான், நடந்து போய்க் கூட்டியாங்க. நான் புடிச்சுக்கிருவேன்."

அவன் சொன்னபடியே செய்தேன். நடந்தேன்.

நான் போய்ச் சொன்னதும் நாலு பேரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அவர்களும் கத்தவில்லை. வாயை மூடிக்கொண்டே ஓடினார்கள். நான் திரும்பி வந்து சேர்ந்தபோது இருளாண்டி கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு நின்றான். வேர் இருந்தது.

மருதுவைத் தூக்கிப் போகையில் சங்கு ஊதவில்லை, கொட்டு அடிக்கவில்லை. நான் இன்னும் அம்பலகாரரிடம் சொல்லவில்லையே. பதினைந்தாம் தேதிதான் போய்ச் சொன்னேன்.

கரிமூட்டக்காரர்கள் கோடாலியோடு வந்தார்கள். மரங்கள் இப்போது சிட்டாளுடையவை. அவள் வேலிப் படலைச் சாத்திவிட்டுக் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

"குஞ்சு விழுந்துருமேன்னு சத்தங்கூடப் போடாமச் செத்தாக. இதுல கோடாலி வைக்கிறவன் மொதல்ல எங்கழுத்துல வையி" என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "மச்சான், இனிமே இது ஒங்க பொறுப்பு" என்றாள். அவளுக்கு என்மேல் அவ்வளவு மரியாதை.

இந்த ஐப்பசியிலும் நாரைகள் வந்துவிட்டன. நேற்றுவரை நாற்பத்திரண்டு கூடு எண்ணியிருக்கிறேன்.

நான் யாரையும் தள்ளவில்லை, ஐயா. என்னால் முடிந்தது பார்ப்பது ஒன்றுதான். அதைத்தான் செய்தேன். நோட்டைக் கேட்டீர்கள், இந்தாருங்கள். ஊரில் எதை எப்படிச் சொன்னாலும் நோட்டில் நான் பொய் எழுதியதில்லை. பக்கம் தேட வேண்டாம், நானே வாசிக்கிறேன்.

"பங்குனி ஒன்பது. காலை ஆறரை மணி. கடைசிக் குஞ்சு பறந்துவிட்டது. கூடு காலி. மருதுவிடம் சொல்லவில்லை."