உள்ளே லினன்

லினன் நூலை வெயிலில் வாங்கக் கூடாது. வெயிலில் எல்லா நூலும் கல்யாணப் பெண் மாதிரி அழகாகத்தான் இருக்கும். மழைநாளில் கையில் எடுத்துப் பாருங்கள்; நல்ல நூல் அடங்கிக் கிடக்கும், மட்டமானது முறுக்கிக்கொண்டு நிற்கும். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கரையூரில் இதைத்தான் சொல்லிவருகிறேன். ஜெனோவாவிலிருந்து வரும் வியாபாரிகள்கூட "ஜெரோனிமா தொட்ட நூல்தானே?" என்று கேட்ட பிறகே லேஸுக்கு விலை பேசுவார்கள்.

சரிகைக்கு நம் சங்கத்துச் சட்டம் உங்களுக்கே தெரியும், ஐயா. தங்கச் சரிகை என்றால் தகட்டைப் பட்டுநூல்மேல் சுற்ற வேண்டும். செம்புப் போலி என்றால் லினன்மேல். மேலே இரண்டும் ஒன்றாகத்தான் மின்னும். உள்ளே இருப்பதை விரலால் நெருடிச் சொல்ல ஊரில் ஒரே ஆள்தான், நான்.

பெல்லெக்ரினாவைப் பற்றிக் கேட்கிறீர்கள். லேஸ் பின்னுகிற நல்ல பெண். வாய்தான் நீளம். ஒரு நாள் சரிகைக் கண்டு ஒன்றை என் மேசையில் போட்டாள்.

"கண்ண மூடிக்கிட்டுத் தொட்டுப் பாரு, ஜெரோனிமாக்கா."

தொட்டேன். "லினன். போலி. எடுத்துட்டுப் போடி."

"லினன்தான். மேல சுத்தினது அசல் தங்கம்." சிரித்தாள். "பட்டு வழுக்குதுக்கா. பின்னுற கட்டைய விட்டா ஓடிப்போவுது, கப்பல்காரப் புருஷன் மாதிரி. லினன் பாரு, போட்ட முடிச்ச விடாது."

"சட்டம்னு ஒண்ணு இருக்கு."

"சட்டம் எழுதுன ஆம்பளைங்க ஒரு முடிச்சாவது போட்டிருப்பாங்களா? நீ சொல்லுக்கா, நீ சொன்னா கேப்பாங்க. இனிமே தொட்டுப் பாக்கிற வேலையே வேண்டாம், கல்லுல உரசிப் பாத்தாப் போதும்."

கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவள் கண்டை மேசையிலேயே விட்டுப் போனதும் அந்த நூலில் ஒரு சாண் எடுத்து அடுப்பில் காட்டினேன். லினன் எரிந்து போயிற்று. தகடு கறுக்கவில்லை, மஞ்சளாகவே நின்றது. அவள் பொய் சொல்லவில்லை. மறுநாள் காலை, கடலை மாவு ரொட்டி சுடச்சுட வாங்கித் தின்றுவிட்டு, நேரே உங்கள் சங்கத்துக்கு வந்து புகார் கொடுத்தேன்.

விசாரணையன்று என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டீர்கள்: "உள்ளே என்ன?" லினன் என்றேன். அதில் என்ன பொய்? நிரூபி என்றீர்கள். தட்டில் வைத்துக் கொளுத்தினேன். பட்டு என்றால் மயிர் கருகும் நாற்றம் வரும். வந்ததோ காகிதம் கருகும் வாசனை. ஏழு பேரும் மூக்கை உறிஞ்சித் தலையாட்டினீர்கள். ஒருவர்கூடத் தட்டைக் குனிந்து பார்க்கவில்லை. பெல்லெக்ரினா மட்டும் கத்தினாள்.

"சாம்பலப் பாருங்கய்யா! அடியில பாருங்க! அக்கா, நீயாவது சொல்லேன்!"

சாம்பல் பறந்து உங்கள் அங்கியில் படக் கூடாதே என்று ஊதிவிட்டேன். பலமாகத்தான் ஊதினேன். அதோடு அவள் பின்னியிருந்த லேஸையும் பறிமுதல் செய்து கோயில் பெட்டியில் பூட்டினீர்கள்.

போலியைத் தங்கமென்று விற்றால் இரண்டு விரல் என்று எழுதிவைத்தது நானில்லை. வெட்டிய கத்தியும் என்னுடையதில்லை. காயம் சீழ்பிடித்து எட்டாம் நாள் அவள் போனதற்குப் புழுக்கத்தைக் கேளுங்கள், வைத்தியனைக் கேளுங்கள். அவள் சாவுக்கு நான் போனேன். மார்பின்மேல் கையைக் கட்டி வைத்திருந்தார்கள். குறைந்த விரல் தெரியாமல் இருக்க, நல்ல லினன் துணியாக நானே பார்த்து எடுத்துக்கொடுத்தேன்.

இப்போது ஏழு வருஷம் கழித்துப் பெட்டியைத் திறந்திருக்கிறீர்கள். கடற்காற்றில் செம்பு பச்சை பிடித்திருக்க வேண்டும். லேஸ் நேற்றுப் பின்னியது போல் மின்னுகிறது என்கிறீர்கள். மின்னத்தானே செய்யும். தங்கம், ஐயா.

முகத்தைச் சுளிக்காதீர்கள். அவள் வழிக்கு விட்டிருந்தால் தங்கத்துக்குள் லினன், செம்புக்குள் பட்டு என்று ஊரே கலந்து கிடக்கும். தொட்டால் தெரிய வேண்டியது தொட்டால் தெரிய வேண்டும். அதே தட்டை இன்று கொண்டுவந்து வைத்தாலும் ஊதுவேன்.

அவள் போலிக்காரி இல்லை, கெட்டிக்காரி. இந்த ஊரில் அந்தக் குற்றத்தைத் தொட்டுக் கண்டுபிடித்தவள் நான் ஒருத்திதான்.