தெளியக் கூடாத தொட்டி

கெமிஸ்ட்: …அதெப்படிண்ணா? ஜாடியில போட்டா கண்ணாடி மாதிரி தெளியுது. அதே தண்ணி, அதே பாலிமர்… தொட்டியில போட்டா பாலாவே நிக்குது!

பம்ப்காரர்: ஜாடி சின்னது கெமிஸ்டம்மா, சொன்ன பேச்சு கேக்கும். தொட்டி வளர்ந்தது. என் மச்சினனைப் பாருங்க, வளர்ந்து என்ன பிரயோஜனம்?

ஃபிட்டர்: ஆரம்பிச்சுட்டார். பொழுது விடிஞ்சா என் தலைதான் உருளணும்.

பம்ப்காரர்: உருள்றதுக்குத் தலைன்னு ஒண்ணு வேணுமே மாப்ளே.

கெமிஸ்ட்: சிரிக்காதீங்க. சாயங்காலம் மேனேஜர் வர்றார். இன்னிக்கும் தெளியலைன்னா தொட்டியை மண்ணைக் கொட்டி மூடிட்டு, லேத் பட்டறையோட எண்ணெய்த் தண்ணி முழுக்க லாரியில வெளிய அனுப்பிடுவாராம். அதே லாரியில என்னையும் ஏத்திடுவார்.

ஃபிட்டர்: லாரிக்காரன் பாவம்.

கெமிஸ்ட்: அண்ணா! எங்கப்பாவோட சண்டை போட்டுட்டு இந்த வேலைக்கு வந்தவ நான். எண்ணெய்த் தண்ணியைக் கிளறத்தான் உன்னைப் படிக்க வச்சேனான்னு கேட்டார். பெட்டியைத் தூக்கிட்டுத் திரும்பிப் போனா… ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். பேப்பரை மடிச்சு வச்சுட்டு ஒரு பார்வை பார்ப்பார். அதைத்தான் என்னால தாங்க முடியாது.

பம்ப்காரர்: …சரி சரி. சொல்லுங்க, என்ன பண்ணணும்? கேக்கறோம்.

கெமிஸ்ட்: பண்ண வேண்டியதை எல்லாம் பண்ணியாச்சு. படிகாரம் போட்டேன், எண்ணெயும் தண்ணியும் கட்டிப் பிடிச்சுட்டிருந்தது விலகிடுச்சு. இப்பதான் பாலிமர் ஊத்தினேன். அது கண்ணுக்குத் தெரியாத நூல் மாதிரிண்ணா. உதிரி உதிரியா மிதக்கிற எண்ணெயை எல்லாம் இழுத்து ஒண்ணாக் கட்டிடும்.

பம்ப்காரர்: என் பொண்டாட்டி மாதிரி. எங்கெங்கயோ கிடந்த சொந்தத்தை எல்லாம் இழுத்துட்டு வந்து வீட்டுல உக்கார வச்சுடுவா. இவன் அப்படி வந்து ஒட்டினவன்தான்.

ஃபிட்டர்: அக்கா கூப்பிட்டா வந்தேன். நீங்க கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனா?

கெமிஸ்ட்: இனிமே தொட்டியில இருக்கிற கலக்கி மிஷின் மெதுவாச் சுத்தணும். அப்பதான் பஞ்சு பஞ்சாத் திரளும், அப்புறம் நிறுத்தினா தெளிஞ்சுடும். வேகம் கூடினா பஞ்சு பிஞ்சு, திரும்பப் பாலாயிடும். இதுலதான் ஒரு சந்தேகம்… நான் மெதுவுல வச்சுட்டுப் போற வேகக் குமிழ், திரும்பி வந்து பார்த்தா எப்பவும் வேகத்துல இருக்கு.

ஃபிட்டர்: எலியா இருக்கும்.

கெமிஸ்ட்: எலி குமிழைத் திருப்புமா?

ஃபிட்டர்: படிச்ச எலியா இருக்கும்.

பம்ப்காரர்: நீ வாயை மூடு. ஏம்மா, பாலிமர் அளவு கூடினாலும் கலங்கும்னு அன்னிக்குச் சொன்னீங்களே? ஒருவேளை அதுவா இருக்குமோ?

கெமிஸ்ட்: …இல்லண்ணா. அளந்துதான் ஊத்தறேன்.

பம்ப்காரர்: இல்ல, சும்மா கேட்டேன்.

கெமிஸ்ட்: …இன்னிக்கு ரொம்பப் பார்த்துப் பார்த்து அளந்தேன்.

ஃபிட்டர்: அது சரி… அங்க எங்க போறீங்க? அந்தப் பக்கம் வேணாம்!

கெமிஸ்ட்: ஏன்ணா கத்தறீங்க? கசடுக் குழிதானே. மூடி போட்டுப் பூட்டியிருக்கு.

பம்ப்காரர்: பூட்டியிருந்தாலும் வேணாம். வாடை வரும்.

கெமிஸ்ட்: ஒரு வாடையும் காணோமே.

பம்ப்காரர்: அப்படின்னா முதல்ல இந்தப் பக்கம் வாங்க. வாங்க சொல்றேன்! …அழுகின முட்டை மாதிரி வாடை வந்தா, பயந்துக்கிட்டே நிக்கலாம். இருந்த வாடை சட்டுனு நின்னு போச்சுன்னா, நிக்கக் கூடாது. குழியில இருக்கிற விஷ வாயு மூக்கைத்தான் முதல்ல சாகடிக்கும்.

கெமிஸ்ட்: …அப்புறம்?

பம்ப்காரர்: அப்புறம் என்ன, கதை முடிஞ்சுது.

ஃபிட்டர்: யாரோ சொல்லி மாமா கேள்விப்பட்டது. பேச்சை விடுங்க.

கெமிஸ்ட்: விட்டாச்சு. டீ வச்சேனே ரெண்டு பேருக்கும்? தொடவே இல்ல. ஏடு கட்டிடுச்சு பாருங்க.

பம்ப்காரர்: எனக்குப் பல்லு கூசுது.

ஃபிட்டர்: எனக்கு மாமா குடிக்காம இறங்காது.

கெமிஸ்ட்: தினமும் இதே பதில்தான்… வாட்ச்மேன் இன்னிக்குக் காலையில பிடிச்சு நிறுத்திட்டார். தொட்டிகிட்ட நின்னுக்கிட்டு யார்கிட்டம்மா அப்படிச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசறேன்னு.

ஃபிட்டர்: …என்ன சொன்னீங்க?

கெமிஸ்ட்: போன்லன்னு சொன்னேன்.

பம்ப்காரர்: ஏன் அப்படிச் சொன்னீங்க?

கெமிஸ்ட்: அந்தாளுக்கு ஏன் விளக்கம் எல்லாம் சொல்லிக்கிட்டு… நான் போய் ஜாடி எடுத்துட்டு வரேன். மேனேஜர் கையில ஒரு ஜாடி தெளிஞ்ச தண்ணியைக் கொடுத்தாத்தான் நம்புவார். குமிழ் மெதுவுலயே இருக்கட்டும். எலி வந்தா சொல்லி வைங்க.

ஃபிட்டர்: சொல்றோம் சொல்றோம்.

பம்ப்காரர்: …போயிடுச்சா?

ஃபிட்டர்: கதவு சாத்தின சத்தம் கேட்டுது. மாமா, இங்க பாருங்க. திரள ஆரம்பிச்சுடுச்சு. எப்பவும் இவ்வளவு சீக்கிரம் வராது. எவ்வளவு பெரிய பஞ்சு… குமிழைத் திருப்பிடட்டுமா?

பம்ப்காரர்: இரு.

ஃபிட்டர்: இருன்னா? அந்தப் பொண்ணு திரும்பி வர்றதுக்குள்ள தெளிஞ்சுடும். தொட்டி ஓரக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பார்க்கும். நம்ம பக்கத்துல நின்னு எட்டிப் பார்க்கும் மாமா!

பம்ப்காரர்: தெரியும்டா.

ஃபிட்டர்: பார்த்துட்டா அப்புறம் இந்தப் பக்கம் காலெடுத்து வைக்குமா? முன்னாடி இந்த வேலையில இருந்தவன் நம்ம சத்தத்தைக் கேட்டே செருப்பை விட்டுட்டு ஓடினான். இது ஒண்ணுதான் பயப்படாம உக்காந்து பேசுது. இதுவும் போயிட்டா, நீங்களும் நானும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு…

பம்ப்காரர்: உன் மூஞ்சியையா? எவ்வளவு காலத்துக்குடா?

ஃபிட்டர்: அதைத்தான் நானும் கேக்கறேன்.

பம்ப்காரர்: திருப்பினா அதுக்கு வேலை போயிடும்டா. அவங்கப்பன் பேப்பரை மடிச்சு வச்சுட்டுப் பார்ப்பான்.

ஃபிட்டர்: அந்தப் பார்வையைத்தான் தாங்க முடியாதுன்னுச்சு.

பம்ப்காரர்: கலக்கியை நிறுத்திட்டுக் கையை எடு குமிழ்ல இருந்து.

ஃபிட்டர்: எடுத்துட்டேன்… மாமா.

பம்ப்காரர்: என்ன?

ஃபிட்டர்: அன்னிக்கு என் பின்னாடியே நீங்களும் குழியில இறங்கியிருக்க வேணாம். நான் ஒருத்தன் மயங்கி விழுந்ததோட முடிஞ்சிருக்கும்.

பம்ப்காரர்: ஆமா. உன் தம்பியை அடியிலயே விட்டுட்டு வந்துட்டேன்னு உங்க அக்காகிட்ட யார் போய்ச் சொல்றது? அதுக்கு இதுவே தேவலை.

ஃபிட்டர்: அவ்வளவு பயமா அவகிட்ட?

பம்ப்காரர்: இப்பவும் இருக்குடா… சத்தம் போடாதே. தண்ணியைப் பாரு. பால் மாதிரி இருந்தது, பனி விலகற மாதிரி விலகுது. ஒரு சலனம் இல்ல.

ஃபிட்டர்: தண்ணியில கம்பியோட நிழல் தெரியுது. கூரை ஓடு, அதுல இருக்கிற ஓட்டை எல்லாம் தெரியுது. நாமதான்…

பம்ப்காரர்: தள்ளி நில்லு. வருது.

கெமிஸ்ட்: வந்துட்டேன்! மேனேஜர் வண்டியும் கேட்டுக்குள்ள… அய்யோ. தெளிஞ்சுடுச்சு.

பம்ப்காரர்: தெளிஞ்சுடுச்சும்மா. வேலை தப்பிச்சுது. நீங்க அங்கயே நில்லுங்க.

கெமிஸ்ட்: நீங்க ஏன் கம்பிகிட்ட நிக்கறீங்க? ரெண்டு பேரும் இந்தப் பக்கம் வாங்க. குனிஞ்சு பார்க்காதீங்க!

ஃபிட்டர்: நாங்க பார்க்கறதுல என்ன? நீங்கதான் பார்க்கக் கூடாது.

கெமிஸ்ட்: சொன்னா கேளுங்கண்ணா. ஜாடியில நான் மொண்டுக்கறேன். நீங்க அந்தச் சுவரைப் பார்த்துத் திரும்பி நில்லுங்க. கொஞ்ச நேரம்தான்… கலக்கியைப் போட்டா மறுபடி அலை வந்துடும்.

பம்ப்காரர்: கெமிஸ்டம்மா… ஜாடியைக் கீழ வைங்க.

ஃபிட்டர்: நான் சொல்லிடறேன் மாமா. குமிழைத் திருப்பினது எலி இல்லம்மா. நாந்தான். தினமும் நாந்தான். தண்ணி தெளிஞ்சு, அதுல நீங்க பார்த்துட்டீங்கன்னா பயந்து போயிடுவீங்க… அப்புறம் வர மாட்டீங்கன்னுதான்.

கெமிஸ்ட்: அப்ப… உங்களுக்குத் தெரியுமா?

பம்ப்காரர்: எங்களுக்குத் தெரியாமயா? நீங்க எதைக் கேக்கறீங்க?

கெமிஸ்ட்: நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே ஒரு தடவை தெளிஞ்சுதுண்ணா. நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கமா நின்னு தண்ணியைக் கவனிக்காம கிண்டல் பண்ணிட்டிருந்தீங்க, நான் சிரிச்சுக்கிட்டே குனிஞ்சு பார்த்தேன்… தண்ணியில நான் மட்டும்தான் நின்னுட்டிருந்தேன். மறுநாள்ல இருந்து பாலிமரை ரெண்டு மடங்கா ஊத்தினேன், எப்பவும் கலங்கியே கிடக்கட்டும்னு… உங்களுக்கு இன்னும் தெரியாதோன்னு நினைச்சுட்டேண்ணா.