பலிபீடத்துப் புகை

பழைய காகிதத்தைத் தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கரையாது. அருங்காட்சியகத்தில் முப்பத்தொரு வருடம் பழைய படங்களைக் கழுவிச் சீர்செய்வதுதான் எனக்கு வேலை.

நீங்கள் கேட்கிற படம் செப்புத்தகட்டில் கீறி அச்சிட்டது. குன்றின் மேல் பழங்காலக் கிரேக்கக் கோயில், படியேறும் ஊர்வலம், மாலை போட்ட காளை, பலிபீடத்தில் புகை. பின்னால் மரங்கள், கடல். கறை போகக் கழுவி, ஈரத்தை உறிஞ்ச ஒற்றுத்தாள் வைத்து அழுத்திவிட்டு, கொஞ்சம் கண்ணை மூடினேன். அசந்துவிட்டேன். விழித்துத் தாளை உரித்தபோது, புகை இருந்த இடம் அதோடு பிய்ந்து வந்துவிட்டது.

ஒன்பது நாள் உட்கார்ந்து, மயிரிழைக் கோடுகளாகப் புகையை வரைந்தேன். இயக்குநர் பார்த்துவிட்டு முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பதிவாளர்தான் கண்டுபிடித்தார். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் வந்து உட்கார்ந்திருந்தவர். லென்ஸை வைத்துப் பார்த்துச் சிரித்தார்.

"யோவ், மரமெல்லாம் இந்தப் பக்கம் சாயுது, புகை மட்டும் அந்தப் பக்கம் போகுதே?"

நான் தூரிகைகளைக் கழுவ ஆரம்பித்தேன்.

"சரி விடு. நீயே போய் இயக்குநர்கிட்ட சொல்லிடு. நானும் கூட வர்றேன். தலையையா வாங்கிடப் போறாங்க?"

நல்ல மனுஷன். ஆனால் சொல்வதென்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஏன் தூங்கினேன், இதற்கு முன் எத்தனை படங்களில் கைவைத்தேன், எல்லாம். நினைத்தாலே அலுப்பாக இருந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை. பூச்சி அரிக்கும் காகிதக் கட்டுகளை ஓர் அறையில் அடுக்கி, இரும்புக் கதவைப் பூட்டி, விஷவாயு விடுகிற நாள்.

"இந்தப் படத்தோட பழைய போட்டோ அந்தக் கட்டுலதான் இருக்கும். எடுத்துட்டு வந்துடறேன், இரு" என்று அந்த அறைக்குள் போனார்.

கதவைச் சாத்தித் தாழிட்டேன். வாயுக் குழாயைத் திருகித் திறந்தேன்.

விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார். முதலில் சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் தட்டினார். அப்புறம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கால்வலி கொஞ்சம் குறைந்தது.

அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மனசு கேட்காமல் ஒருமுறை எழுந்து கதவுவரை போனேன்கூட. ஆனால் வாயு விட்டால் ஆறு மணி நேரம் திறக்கக் கூடாது என்று கதவிலேயே ஒட்டியிருக்கிறது. வேலை விஷயத்தில் நான் ஒருநாளும் விதியை மீறியவன் இல்லை.