முன்னறிவிப்பில்லா வருகை

1981ஆம் ஆண்டு மே மாதம் பதினான்காம் நாள், வியாழக்கிழமை. அக்கினி நட்சத்திரம் தொடங்கிப் பத்து நாள்கள் ஆகியிருந்தன. உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காடுகளின்மேல் காற்று அனலாய் வீசியதே தவிர, மேற்கே திரண்ட மேகம் ஒரு துளியும் சிந்தவில்லை. மதுரையில் காசநோய்க்கான புதிய மாத்திரையைச் சோதித்துவந்த போதனா மருத்துவமனை ஒன்றின் களப்பணியாளர் முத்திருளன். நோயாளிகள் மாத்திரை உண்கின்றனரா என்று, சொல்லாமல் கொள்ளாமல் வீடுவீடாகச் சென்று சோதிப்பது அவருடைய பணி. பன்னிரண்டு நாள்களுக்கு முன் இறந்த கண்ணுச்சாமியின் மனைவி ஒச்சம்மாளின் எதிரே அன்று அவர் அமர்ந்திருந்தார். மடியில் ஒரு படிவம் இருந்தது. சட்டைப்பையில் முந்தைய நாள் தபாலில் வந்த உறை இருந்தது. எஞ்சிய மாத்திரைகளை மீட்கவும், படிவத்தில் கைரேகை பெறவும் வந்திருந்தார். இரண்டும் இன்னும் அவர் கைக்கு வரவில்லை.

ஒச்சம்மாள்: அதான் சொல்லிட்டேன்ல அண்ணே... பொதைக்கையில அவரு பாயி தலகாணியோட அந்த டப்பாவையும் குழியில போட்டாச்சு.

முத்திருளன்: மாத்திர டப்பாவையுமா?

ஒச்சம்மாள்: செத்தவுக பொழங்குன சாமான் வீட்டுல இருக்கக் கூடாதும்பாக. நம்பலைன்னா மம்பட்டி தாரேன், போயித் தோண்டிப் பாருங்க.

முத்திருளன்: ஏந்தாயி கோவிச்சுக்கிற... சாகுறதுக்கு நாலு நாளைக்கு முன்னாடிதான அந்த டப்பாவ வாங்குனாரு. முப்பதுல இருபத்தாறு மிச்சம் இருக்கணும். ஆபீஸ்ல கேப்பாக.

ஒச்சம்மாள்: மனுசன் எங்கேன்னு கேக்கல... மாத்திர எங்கேன்னு கேப்பாகளாக்கும். மோரு குடிக்கிறீகளா?

முத்திருளன்: வேணாம். உம் மக செல்லக்கிளி எங்க?

ஒச்சம்மாள்: ஆடு பத்திட்டுப் போயிருக்கு.

முத்திருளன்: இந்த வெயில்லயா? போன வருசம் வாசலத் தாண்ட முடியாம இருமிக்கிட்டுக் கெடந்த பிள்ளையாச்சே.

ஒச்சம்மாள்: கருப்பன் கண்ணத் தெறந்தாரு.

முத்திருளன்: ம்... நல்ல சாமிதான்.

ஒச்சம்மாள்: என்ன ஒரு மாதிரியாச் சொல்றீக?

முத்திருளன்: ஒண்ணுமில்ல. பாரத்த வாசிக்கிறேன், கேளு. ‘நோயாளி கண்ணுச்சாமி, ஒரு நாளும் தவறாமல் மாத்திரைகளை உட்கொண்டார். முன்னறிவிப்பின்றிச் சென்ற ஆறு முறையும் அவருடைய சிறுநீரில் மருந்தின் சிவப்பு நிறம் காணப்பட்டது. எனினும் மருந்து பயனளிக்கவில்லை.’ இதுக்கு அடியில ஒரு கைநாட்டு.

ஒச்சம்மாள்: பயனளிக்கலைன்னா?

முத்திருளன்: மருந்து கேக்கலைன்னு அர்த்தம்.

ஒச்சம்மாள்: அப்ப... அந்த மருந்த நிறுத்திப்புடுவாகளா?

முத்திருளன்: ஒரு ஆளுக்காக நிறுத்த மாட்டாக. அதுமேல ஒரு குத்தம் கூடும், அம்புட்டுத்தான்.

ஒச்சம்மாள்: மருந்து மேல குத்தமில்லண்ணே.

முத்திருளன்: உனக்கெப்படித் தெரியும்? வச்சிரு தாயி. பஸ்ஸுக்கு நேரமாகுது.

ஒச்சம்மாள்: பொய்யில எப்படிண்ணே ரேகை வைக்கிறது... அவரு ஒரு மாத்திரகூட முழுங்கல. அவருக்கும் பிள்ளைக்கும் ஒரே சீக்குண்ணே. எல்லாரும் சேந்துதான் மதுரைக்கு வந்தோம். பன்னெண்டு வயசு ஆகலைன்னு பிள்ளய மட்டும் தள்ளிட்டாக. உசிலம்பட்டியில ஊசி போட்டுக்கன்னாக. அங்க போனா, மருந்து வரல, அடுத்த வாரம் வா, அதுக்கடுத்த வாரம் வா... ரெண்டு மாசம் நடந்தோம். மதுரையில அவருக்கு மொத டப்பா குடுத்த அன்னைக்குத் திரும்பி வாரப்ப, பஸ்ஸுலயே அவரு டப்பாவ எம்மடியில போட்டாரு. ஒண்ணும் சொல்லல. சன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டு வந்தாரு.

முத்திருளன்: அப்ப நான் வாங்கிட்டுப் போன மூத்திரச் சீசா?

ஒச்சம்மாள்: பிள்ளயோடது. நீங்க மரியாதைக்கு வாசல்லயே நின்னுக்குவீக. அவரு சீசாவோட கொல்லைக்குப் போவாரு, பிள்ள அங்க நிக்கும். உங்கள நல்லா ஏமாத்திப்புட்டோம்.

முத்திருளன்: ம்...

ஒச்சம்மாள்: மாசாமாசம் அங்க நெஞ்சப் படம் எடுத்தாகள்ல... இன்னைக்குப் பிடிபட்டுரணும், வஞ்சாலும் அவருக்கு ஒரு ஊசியாச்சும் போடுவாகன்னு கருப்பனக் கும்புடுவேன். கும்புட்ட கையோட, பிடிபடக் கூடாது, பிள்ளைக்கு மாத்திர நின்னுபோகும்னும் கும்புடுவேன். கருப்பன் எதக் கேப்பாரு பாவம்.

முத்திருளன்: பெரிய டாக்டரு கேட்டாரு தாயி.

ஒச்சம்மாள்: என்னன்னு?

முத்திருளன்: மாசி மாசம். படத்த வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, ‘இவன் மாத்திர முழுங்குறானா இல்லையா? முழுங்கலைன்னா இப்பவே சொல்லு, ஆராய்ச்சிய விட்டு எடுத்துட்டு வார்டுல சேத்து ஊசி போடலாம், ஆளு பொழச்சுக்குவான்’னாரு.

ஒச்சம்மாள்: நீங்க என்ன சொன்னீக?

முத்திருளன்: பாரத்த நீட்டுனேன். எல்லாம் சரியா இருந்துச்சு.

ஒச்சம்மாள்: உங்களக் குத்தஞ்சொல்லி என்ன செய்ய... உங்களுக்குத் தெரியாது. நாங்க செஞ்சது எங்க தலையில விடிஞ்சுச்சு. டப்பா அந்தத் தானியக் குலுக்கையில கம்புக்குள்ள கெடக்குண்ணே. இன்னும் பதினாலு இருக்கு. அதோட பிள்ளைக்கு எட்டு மாச மருந்து முடியுது. எடுக்கணும்னா எடுத்துக்கங்க, நான் மறிக்கல.

முத்திருளன்: எடுக்கல. குழியில போட்டதாவே எழுதிட்டேன்.

ஒச்சம்மாள்: நல்லா இருப்பீக... ஒண்ணுதாண்ணே எனக்கு வெளங்கல. நீங்க வாரதுக்கு மொத நாளே, ‘நாளைக்கு ஆட்டோட போகாத, வீட்டுல இரு’ன்னு பிள்ளகிட்டச் சொல்லிருவாரு. ஆறு தடவையும் தப்பல. எப்படின்னு கேட்டா, நெஞ்சு சொல்லுதும்பாரு. என்னண்ணே, எந்திரிச்சிட்டீக?

முத்திருளன்: நெஞ்சு சொல்லல தாயி. பஸ் கண்டக்டர் சோணை சொன்னான். அவன்கிட்டச் சொல்லிவிட்டது நான். எல்லாத்தையும் மொதத் தடவையே கண்ணுச்சாமி எங்கிட்டச் சொல்லிட்டாரு, வார நாள மட்டும் முன்கூட்டிச் சொல்லியனுப்புங்கன்னு கேட்டுக்கிட்டாரு. பிள்ளைக்காகத்தான்னு நானும் நெனச்சுக்கிட்டேன்... ஆனா மாசியில டாக்டரு கேக்குறப்ப செல்லக்கிளிக்குப் பன்னெண்டு முடிஞ்சு பதினோரு நாளு. அன்னைக்கு நான் வாயத் தெறந்திருந்தா அவரு வார்டுல இருந்திருப்பாரு, பிள்ளைக்கு அது பேர்லயே டப்பா கெடச்சிருக்கும். எம் பகுதியில ஒரு ஆளுகூட மாத்திரய விடலைன்னா சித்திரைக்குள்ள வேலைய நிரந்தரமாக்குறதாச் சொல்லியிருந்தாக தாயி... ஆர்டர் நேத்து வந்துச்சு.

ரேகைக்கான கட்டம் வெறுமையாகவே இருந்தது. அதற்கடுத்து, வருகை முடிந்த நேரம் என்னும் கட்டத்தில் முத்திருளன் எழுதினார்: மாலை 4 மணி 17 நிமிடம்.